ஆற்றைத் தாண்டிய சிவப்புக் காய்கள்

அமெரிக்கக் காட்டைப் பங்குபோடும் அந்தப் பலகை விளையாட்டில் அண்ணன் எப்போதும் ஆங்கிலேயன், அண்ணி பிரெஞ்சுக்காரி, தம்பிக்கு மிஞ்சுவது பூர்வகுடி.

"அவளை விரட்ட உதவுடா. ஆத்தைத் தாண்டி உன் பக்கம் வரமாட்டேன், சத்தியம்," என்றான் அண்ணன்.

தம்பி நம்பித் தொலைத்தான். அண்ணி தோற்று, தைக்கப் போனாள். அடுத்த சுற்றிலேயே அண்ணனின் சிவப்புக் காய்கள் ஆற்றைத் தாண்டின.

"சத்தியம் பண்ணினியேண்ணே!"

"விளையாட்டுதானேடா! இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறே."

தம்பி காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான். பெட்டியை வைப்பது அவனுடைய அறையில். ஒரே ஒரு மாதத்துக்கென்று அண்ணியின் தையல் மெஷின் அங்கே நுழைந்து மூன்று வருடமாகிறது. அவன் படுக்கை கூடத்துக்கு வந்துவிட்டது.

கதவைத் தட்டினான்.

"பெட்டியையும் கூடத்துலயே வச்சிருங்க தம்பி, இங்க இடமில்ல," என்றாள் அண்ணி.