மழித்த முன்கை

பை தைக்கும் பட்டறையின் வாசல் பெஞ்சில் நெட்டையன் உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்க ஆள் வேண்டுமாம். சூப்பர்வைசர் வரும்வரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். வருடக்கணக்கில் தோல் வெட்டிப் பிழைத்தவன் அவன். பழைய கம்பெனியில் ஒருவனுக்கு விரல் போனபோது, கையுறை கேட்டு வெட்டுக்காரர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். கையுறை வரவில்லை, வேலைதான் போயிற்று. அங்கே கத்தி பிடித்தவன் என்று தெரிந்தால் இப்போது எந்த முதலாளியும் வாசலில்கூட நிற்க விடுவதில்லை.

"கத்தி கித்தின்னு வாயத் தொறந்துடாதீங்க," என்று காலையில் மனைவி சொல்லி, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் போட்டுவிட்டாள். "இதுவும் இல்லன்னா வீட்டக் காலி பண்ணணும்."

வாயை மூடிக்கொண்டான். கண்ணை என்ன செய்வது? கதவோரம் ஒரு பெண் தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிறாள் என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும்; கத்தி தோலைக் கடித்துக்கொண்டிருந்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு அழுத்தினாள். அது வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம் குடுங்கக்கா."

"சாணக்கல்லு கேட்டு கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்," என்றபடி நீட்டினாள்.

கத்தியின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்தான். வழுக்கிக்கொண்டு போனது. பெஞ்சில் கிடந்த காலி டீக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் சொரசொரத்த பீங்கான் வளையத்தில் மாற்றி மாற்றித் தீட்டினான். மறுபடி நகத்தில் வைத்தான், கவ்விப் பிடித்தது. பழைய பேப்பரைத் தூக்கிப் பிடித்து இழுத்தான், பிசிறில்லாமல் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். கை பாட்டுக்குப் பொத்தானைக் கழற்றி, சட்டையை ஏற்றி, இடது முன்கையில் கத்தியை ஓட்டிவிட்டது. நாலைந்து முடி உதிர்ந்தது. வேலை போன பிறகும் வீட்டுக் கத்தியின் கூர்மையை அங்கேதான் பார்ப்பான். அந்த இடம் மட்டும் மொட்டையாகவே இருந்தது.

நிமிர்ந்தபோது சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"மூட்டை தூக்கறவன்னுல்ல சொன்னாங்க?"

நெட்டையன் கத்தியைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான்.

"சரி, உள்ள இருக்கற கத்தி எல்லாத்தையும் இப்படியே பண்ணு. அப்பறம் பேசலாம்."

அந்த 'அப்பறம் பேசலாம்' அவனுக்குப் போதுமாயிருந்தது. சோறு தண்ணி மறந்து மத்தியானம்வரை தீட்டினான். ஒவ்வொன்றையும் நகத்தில் வைத்துப் பார்த்தே கீழே வைத்தான். மனைவியிடம் என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்துவிட்டான். கடைசிக் கத்தியை சூப்பர்வைசரே பேப்பரில் இழுத்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. கெளம்பு."

"சார், வேலை..."

"வெட்டுக்காரன் மூட்டை தூக்க வர்றான்னா எங்கேருந்து வர்றான்னு தெரியாதா? உங்க கம்பெனி கதை எங்களுக்கும் தெரியும்பா. நாளைக்கு இங்கயும் ஆள் சேத்துகிட்டு வாசல்ல உக்காருவ."

நெட்டையன் சட்டைக் கையை இறக்கிவிட்டான். சூப்பர்வைசர் அதற்குள் திரும்பிவிட்டார். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை துண்டு வெட்ட வேண்டும் என்று சுவர்ப் பலகையில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்தார்.

"கத்திதான் இப்ப வெண்ணெயா இறங்குதே," என்று சொல்லிக்கொண்டே அதைவிடப் பெரிய எண்ணை எழுதினார்.

கதவோரத்துப் பெண் பலகையைப் பார்த்தாள். பிறகு நெட்டையனைப் பார்த்தாள். அடுத்த தோலை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேகவேகமாக வெட்டத் தொடங்கினாள்.