பச்சைச் சட்டைக்காரர் தொலைக்காத பை

1

வெள்ளிக்கிழமைக்குள் என் தங்கை புருஷனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்று புதன். இதுவரை மூன்று முறை வாயைத் திறந்தேன். முதல் முறை கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன். இரண்டாம் முறை, மின்விசிறி சத்தம் போடுகிறது என்றேன். மூன்றாம் முறை அவரே, "என்ன மச்சான், பல்லு வலியா?" என்று கேட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். வலிக்காத பல்லுக்கு வாய் கொப்பளித்தேன்.

வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். வேறு பெரிய காரணம் கிடையாது. நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதிலும் பாதி. ஒற்று எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2

ஆரம்பம் அழகாக இருக்க வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன்.

"பேருந்து நிலையத்தின் கோடியில் இருந்த அந்தச் சின்ன அறைக்குள், ஜன்னல் வழியே காலை வெயில் மெல்ல"

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அடித்துவிட்டேன்.

"ஓர் ஊரில் எல்லோரிடமும் அன்பாக இருக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். அவர்"

இதை எவன் நம்புவான்? நானே நம்பவில்லை. நான் நம்பாததால் வந்த வினைதான் இவ்வளவும்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு பஸ் டெப்போவில் வேலை. பயணிகள் பஸ்ஸில் விட்டுப்போகிற சாமான்களை வாங்கிவைத்து, தேடி வருகிறவர்களிடம் ஒப்படைக்கிற அறை அவருடையது. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், மூன்று பல்செட்டுகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, எந்த வண்டி, எந்த இருக்கை, என்ன தேதி என்று சீட்டு எழுதித் தொங்கவிடுவார். பல்செட்டுகளை மட்டும் வாரம் ஒருமுறை கழுவி வைப்பார். கேட்டால், "வந்ததும் போட்டுக்குவாங்க இல்ல, மச்சான்" என்பார்.

3

"சும்மாதான்" என்று ஒரு டிவி நிகழ்ச்சி. நடிகர்களை அனுப்பி, போகிற வருகிறவர்களை ஏமாற்றி, ஒளித்துவைத்த கேமராவில் படம் பிடிப்பார்கள். ஒருவன் கத்துவான். ஒருத்தி செருப்பைக் கழற்றுவாள். ஒருத்தர் மயங்கியே விழுவார். கடைசியில் நாலைந்து பேர் மறைவிலிருந்து குதித்து, "சும்மா" என்று கூவுவார்கள். ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன்.

நான் இருபத்தொன்பது வருஷம் ஒரு தொழிற்சாலை வாசலில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதித்தவன். எவன் பையிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஒன்றும் இல்லாதவன் பையில், சமயம் பார்க்கிற யோசனையாவது இருக்கும். அந்த நிகழ்ச்சி என் கட்சி.

ஒரு நாள் அதில் விளம்பரம் வந்தது. "கோபமே வராத ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? எங்களைக் கூப்பிடுங்கள்."

கூப்பிட்டேன்.

(என் பெண்டாட்டி போனபிறகு பதினோரு வருஷமாகத் தங்கை வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை ஒரு சுடுசொல் சொல்லிக் கேட்டதில்லை. பதினோரு வருஷம் ஒரு பை என் கண்ணெதிரில் மூடியே கிடந்தால், திறந்து பார்க்கத் தோன்றாதா?)

4

நிகழ்ச்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் நோட்டு. டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம்.

"எதைச் சொன்னா சார் அவரு உடைஞ்சு போவாரு?"

இந்த இடத்தில் எழுதுகிறவன் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான் என்று எழுத ஆசை. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன். சொல்லிவிட்டு, அதையும் சொன்னேன்.

தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி நடையில் நாங்கள் இரண்டு பேரும் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது மாப்பிள்ளை என்னிடம் சொன்ன விஷயம். அவருடைய அண்ணன் கப்பலில் வேலைக்குப் போனவர். ஒரு கடிதம் வந்தது. சாயந்திரம் நிதானமாகப் படிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வருவதற்குள், அது சோப்பு வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டு அனுப்புவதற்குள் அண்ணன் இறந்த செய்தி வந்துவிட்டது.

"ஊற வச்சது உங்க தங்கச்சிதான் மச்சான். பாக்கெட்டைப் பாக்கலை. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா. உங்களோட இருக்கட்டும்."

என்னோடு இருக்கவில்லை. நோட்டில் ஏறிவிட்டது. ஊற வைத்தது யார் என்பது உட்பட.

[நடுவில் ஒரு வார்த்தை. சட்டை என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது சட்டை இல்லை. கடிதமும் கடிதம் இல்லை. உள்ளதை உள்ளபடி ஒருமுறை சொல்லிக் கெடுத்தது போதும். உங்களுக்கு மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். துக்கம் மட்டும் அசல்.]

5

மூன்று நாள் எடுத்தார்கள்.

முதல் நாள் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். நடிகர். பழுப்பு நிறப் பையை பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றார். மாப்பிள்ளை தேடினார். இல்லை. "நாளைக்கு வாங்க, எல்லா வண்டியும் உள்ள வந்ததும் பாத்து வைக்கிறேன்."

இரண்டாம் நாள் அவர் கத்தினார். "நீதான்யா எடுத்திருப்பே." இது டிவியில் வந்த அன்று, இந்த இடத்தில் நான் வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது பார் என்று தங்கையிடம்கூடச் சொன்னேன். மாப்பிள்ளை, "இருக்கலாங்க. நான் பை மாத்திக் கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பேன். உக்காருங்க, உங்க முன்னாடியே எல்லாத்தையும் இறக்குறேன்" என்று தட்டு தட்டாக இறக்கினார். பல்செட்டுகளைப் பார்த்து நடிகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவர் மெதுவாகச் சொன்னார். பையில் அண்ணன் எழுதிய கடிதம் இருந்தது, இன்னும் படிக்கவில்லை, அண்ணன் இப்போது உயிரோடு இல்லை.

மாப்பிள்ளை டார்ச்சை எடுத்துக்கொண்டார். பிறகு அறையைப் பூட்டினார். பச்சைச் சட்டைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு டெப்போவுக்குள் நடந்தார். நாற்பத்திரண்டு பஸ். ஒவ்வொன்றிலும் ஏறி, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து, டார்ச் அடித்துத் தேடினார். முட்டிவலிக்காரர். இருபத்தாறாவது பஸ்ஸில் நடிகர் அழுதுவிட்டார். அது நடிப்பு இல்லை. நான் எட்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து எல்லோரும் குதித்து, "சும்மா" என்றார்கள்.

இருக்கைக்கு அடியிலிருந்து மாப்பிள்ளை தலையை வெளியே எடுத்தார். "சும்மாவா? அப்ப கடிதம் தொலையலையா?"

"கடிதமே கிடையாது சார்."

அப்படியே பஸ் படியில் உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. ரொம்ப நல்லதாப் போச்சு." பிறகு நடிகரிடம், "உங்க அண்ணன் சௌக்கியமா இருக்காரா?"

"எனக்கு அண்ணனே இல்ல சார்."

"அடப் பாவமே" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

7

ஆறாம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் என் பக்கத்து நியாயத்தை எழுதியிருந்தேன்.

8

ஒரு குறையும் இல்லாத ஆளைக் கதையில் வைத்தால் படிக்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். குறை தேடினேன். தேடிப் பழக்கப்பட்ட கைதானே. கிடைத்தது இவ்வளவுதான்: அடுத்தவர் சாமானை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். என் கம்பளிச் சட்டை இப்போது தெருமுனைக் காவலாளியின் உடம்பில் இருக்கிறது. "அவருக்குக் குளிருது மச்சான், நீங்க உள்ளதானே படுக்கறீங்க." தங்கையைக் கேட்டால் பட்டியலே வைத்திருக்கிறாள்.

"நல்ல பேரு அவருக்கு, அண்ணே. வீட்டுக்கு வர்ற எட்டுப் பேருக்குத் தட்டு கழுவுறது யாரு?"

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கிறாள். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

9

அது டிவியில் வந்ததிலிருந்து டெப்போவில் வரிசை. எதையும் தொலைக்காதவர்கள் வருகிறார்கள். ஒரு அம்மா அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாளாம். ஒருவர் தன் குடையை வேண்டுமென்றே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து கேட்டாராம்.

எதற்காக என்று யோசித்தேன். இந்த மாதிரி நிகழ்ச்சியில் ஒருவன் கத்தினால் நமக்குச் சுகம். பார், இவனும் நம்மைப் போலத்தான். ஆனால் நல்ல ஆள் வந்தால் நாம் சிரிப்பதை நிறுத்திவிட்டு நாற்காலி விளிம்பில் உட்காருகிறோம். இப்போது விழுவான், இப்போது விழுவான் என்று பார்க்கிறோம். விழாமல் கடைசிவரை போய்விட்டால், நாமே எங்கேயோ தப்பித்து வந்தது போல மூச்சு விடுகிறோம். தோற்றது நம் சந்தேகம்; சந்தோஷமும் நமக்குத்தான். இது என்ன கணக்கோ எனக்கு விளங்கவில்லை.

தொழிற்சாலை வாசலில் நான் கேட்பதற்கு முன்பே பையை விரித்துக் காட்டுகிற ஒரு பெண் இருந்தாள். அவளைத்தான் நான் அதிக நேரம் நிறுத்திவைத்தேன். இப்போது நினைத்தால்

வேண்டாம். அது வேறு கதை.

10

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று நிகழ்ச்சியின் மேடைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்கைக்கு முன்வரிசையில் இடம். நோட்டுக்காரப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நீங்கதான் சொன்னீங்கன்னு மேடையில உடைக்கிறோம் சார். அந்தக் கடிதம் நிஜம், வீட்டம்மாதான் ஊற வச்சாங்கன்னும் சொல்வோம். ஜனங்க அழுதுடுவாங்க." அதை மட்டும் எடுத்துவிடு என்று கெஞ்சினேன். யாரிடமும் நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "அதுதானே சார் நிகழ்ச்சியே" என்றாள். அவர் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

அவரோ, போயே தீருவேன் என்கிறார். ஏன் தெரியுமா?

"அந்தக் கதையை எழுதினவரைப் பாக்கணும் மச்சான். நடக்காததை இவ்ளோ சரியா யாராலயும் எழுத முடியாது. அவருக்கும் ஒரு அண்ணன் இருந்திருப்பாரு. ஒரு கடிதம் போயிருக்கும். வெளிய சொல்ல வழியில்லாம டிவியில எழுதிட்டாரு. பாவம், அவரைப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லணும்."

ஒரே ஒரு ஆளிடம் சொன்ன ரகசியம் ஊர் முழுக்கத் தெரிகிறது. சின்னக் குழந்தைகூட விரலை மடக்கிக் கண்டுபிடித்துவிடும். இவர் கண்டுபிடிக்கவில்லை. உலகத்தில் இன்னொரு அண்ணன், இன்னொரு கடிதம், இன்னொரு வாளி இருப்பதை நம்ப இவருக்குச் சுலபமாக இருக்கிறது. நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கத்தான் வரவில்லை.

எழுதினவர் நான்தான், மாப்ளே. எனக்கு அண்ணனும் இல்லை.

11

முடிவுகள். இருப்பதைப் போட்டுக் காட்டுகிறேன்.

அ) சொல்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க மச்சான்" என்கிறார். உங்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. செய்தது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

ஆ) சொல்கிறேன். என்னை ஒரு அறை அறைகிறார். எனக்கு இதுதான் வேண்டும். ஆனால் அவருக்கு அறையத் தெரியாது, மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்வார், நான்தான் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும்.

இ) சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை எங்கேயாவது போய்விடுகிறேன். இதில் ஓட்டை இருக்கிறது. நாற்பத்திரண்டு பஸ்ஸிலும் ஏறி என்னைத் தேடுவார்.

ஈ) அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எழுதினவரைப் பார்க்கணும் என்று சொன்னபோது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானாகச் சொல்ல எனக்கு இடம் கொடுத்து, தினமும்

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12

தங்கை பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வர அரை மணி ஆகும். மாப்பிள்ளை பின்கட்டில் வெள்ளிக்கிழமைக்கான செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டேன்.

"மாப்ளே, கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன மச்சான், எழுத்து வேலையா? தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்தேன்."

"உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். நல்ல விஷயம் இல்ல."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். "எழுதி முடிச்சிட்டே சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்.

அவர் காத்திருக்கும்போதுதான் இந்த வரியை எழுதுகிறேன். சொன்னதும் அவர் முகம் எப்படி மாறியது, என்ன சொன்னார், ஏதாவது சொன்னாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தப்பில்லை, எனக்கும் அந்த ஆசைதான் பதினோரு வருஷம். அந்த முகத்தை ஒருமுறை அவருக்குத் தெரியாமல் ஊருக்குத் திறந்து காட்டிவிட்டேன். எதிரில் உட்காரவைத்து, தாளை விரித்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை காட்டினால், நான் அந்த நோட்டுக்காரப் பெண்ணைவிடக் கேவலம்.

உங்களுக்குத் தோன்றுகிற முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், சந்தோஷம். இப்போது எழுந்து வெளியே போங்கள்.

கதவைச் சாத்த வேண்டும்.