குளியலறையில் ஒரு தீயணைப்பு அதிகாரி

முப்பத்துநாலு வருஷம் தீயணைப்புத் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற அதிகாரிக்குத் தன் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. மூணு தெரு தள்ளி யாராவது தீக்குச்சி உரசினால்கூட மோப்பம் பிடித்துவிடுவாராம். இதை அவரேதான் சொல்லிக்கொண்டார்.

அந்த மூக்குக்கு வந்தது சோதனை. பிரசவத்துக்கு வந்த மகள் மாடி அறையில் இருந்தாள். ஐந்து வாரப் பேத்தி மார்பில் வாய் வைப்பாள், நாலு தடவை சப்புவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். "அடுத்த வெள்ளிக்குள்ள எடை ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்" என்று எடை பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார்.

"என் பால்லதான் ஏதோ கோளாறுப்பா" என்று மகள் அழுதாள். "இந்த ரூம்ல சிகரெட் நாத்தம் வேற. எதிர்வீட்டுக்காரர் வேலையாத்தான் இருக்கும்."

அதிகாரிக்கு மீசை துடித்தது. "ஆதாரத்தோட பிடிக்கிறேன் பாரு அந்த ஆளை!"

மெல்லிய காகிதத்தை நூலில் கட்டி, காற்றோட்டம் பார்க்கக் கிளம்பினார். ஜன்னலில் காகிதம் அசையவில்லை. கட்டிலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தில் படபடவென்று ஆட்டம் போட்டது. அது கீழே எங்கே போகிறது என்று தேடி இறங்கினார். தடம் அவருடைய குளியலறையில் போய் நின்றது. அங்கே அவருடைய ஸ்டூல். வாளிக்குப் பின்னால் அவர் சிகரெட் துண்டுகளைப் போடும் டப்பா.

குழந்தை வந்த அன்றே, வீட்டுக்குள் புகைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர். குளியலறை வீட்டில் சேராது என்பது அவரே இயற்றிய சட்டம். புகை ஓட்டை தேடி மேலே ஏறும் என்று ஆயிரம் பேருக்கு வகுப்பெடுத்த வாய்தான் அது.

சத்தமில்லாமல் டப்பாவை வீசிவிடலாம். எதிர்வீட்டுக்காரர் தலையில் பழி விழும், அவ்வளவுதான். ஆனால் மாடியில் அவள் தன் பாலையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே!

"ஆள் சிக்கிட்டான்மா."

"எதிர்வீட்டுக்காரரா?"

"சேச்சே, தங்கமான மனுஷர். இவன் கீழ் பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தான். வழுக்கை. அசப்புல என்னை மாதிரியே இருப்பான்."

மகள் சிரிக்கவில்லை. "பிள்ளை விஷயம்பா இது."

அதிகாரி கீழே இறங்கி, மிச்சமிருந்த சிகரெட் பாக்கெட்டை வாளித் தண்ணீரில் அமுக்கினார். அவர் சர்வீஸிலேயே அணைத்த பெரிய தீ அதுதான்.

மறுநாள் வந்த நர்ஸம்மா புகை விஷயத்தைக் கேட்டுவிட்டு விளக்கினார். "உன் பாலுக்கு ஒண்ணும் இல்லம்மா. புகையில பிள்ளைக்கு மூக்கு அடைச்சிருக்கு, மூச்சு விடுமா, பால் குடிக்குமா? வயிறோட வயிறு ஒட்டிப் பிடி. வாயை நல்லாத் திறந்தப்புறம் குடு." அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பினார். "சட்டையில ஒட்டின நாத்தமும் ஆகாது சார்."

இருந்த சட்டையெல்லாம் கொடியில் தொங்க, அதிகாரி துண்டோடு திரிந்தார். சிகரெட் இல்லாத அந்த வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்தும் உறுமினார்.

வெள்ளிக்கிழமை தராசு இருநூறு கிராம் ஏற்றம் காட்டியது.

"குடும்மா, தூக்கறேன்" என்று கையை நீட்டினார். மகள் அவர் காலரைப் பிடித்திழுத்தாள். கழுத்து, மீசை, விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாக மோந்தாள். சந்தேகம் தீராமல் மீசையை மட்டும் இன்னொரு தடவை.

அப்புறம்தான் குழந்தை கைமாறியது.