ஷெப் தனி, அர்ட் தனி

...ஷெப் தனி, அர்ட் தனி, ஆண்டவரே, இந்த மனுசன் நாக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் பிசகாமல் இருக்கட்டும் என்று அல்போன்சா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள், மண்டியில் சிறுமலை வாழைப்பழத்துக்கு ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரல், மகள் ஐரின் நிச்சயத்தில் ஒரு சின்ன ஜெபம் வாசிக்க இப்படியா நடுங்கும்... இங்கிலீஷில் வாசிக்கச் சொல்லி யார் அழுதார்கள்? மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர், ஜெபமெல்லாம் இங்கிலீஷில்தான் பழக்கமாம், அதற்காக இவருக்கு ஒரு வீம்பு. ஐரின் ஒரு வாரமாக மல்லுக்கட்டினாள். "பி-யும் ஹெச்-சும் ஒட்டி இதுல 'ஃப' ஆகாதுப்பா. ஆடு ஒரு வார்த்தை, மேய்க்கிறவரு ஒரு வார்த்தை, ரெண்டும் சேந்ததுதான் இது. ஷெப்... அர்ட்." கேட்கிற ஆளா ராயப்பராஜ்? "போன்ல ஒட்டுது, போட்டோல ஒட்டுது, இதுல மட்டும் ஒட்டாதாக்கும்?" பல் விளக்கும்போதும் ஷெஃபர்டு, பைக் ஓட்டும்போதும் ஷெஃபர்டு... கோபமும் வந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஆனால் முன்வரிசையில் சம்பந்தியம்மா கிளாரா, காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிறவர், அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தால் போதும், ஐரின் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போவாள், அப்பாவைப் பார்த்து யாராவது சிரித்தால் அவளுக்கு ஆகாது.

இதோ அந்த இடம். "ஷெப்" என்று நின்றார், பிறகு ஏலக்குரல் திரும்பி வந்துவிட்டது. "ஷெஃபர்டு." பின்னால் யாரோ கனைத்தார்கள். ஐரின் முகம் சிவந்துவிட்டது. போச்சு... அடுத்து வாசிக்க வருவது மாப்பிள்ளை ஜெரின், அதிலும் இந்தப் பாழாய்ப்போன வார்த்தை இருக்கிறது, அவன் சரியாகச் சொல்லிவிடுவானே, சொன்னால் இவர் முகம் செத்துப்போகுமே... இங்கிலீஷிலேயே வளர்ந்த பிள்ளை, மளமளவென்று வாசித்துக்கொண்டே வந்தான், அந்த இடத்தில் "ஷெஃபர்டு" என்றான், அழுத்தம் திருத்தமாக, நிற்காமல் மேலே போய்விட்டான். கிளாரா சட்டென்று மகனை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கண்ணை மூடி ஜெபத்தில் சேர்ந்துகொண்டார்.

ராயப்பராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார். "பாத்தியா அல்போன்சா, அம்புட்டுப் படிச்ச பையனே அப்படித்தான் சொல்றான்." ஆமாங்க என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, தங்கமான பிள்ளை, நல்லா இருக்கட்டும்... ஐரினைப் பார்த்தாள். ஐரின் ஜெரினையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறந்ததிலிருந்து அப்பாவை மட்டுமே பார்க்கிற பார்வை அது, அப்பாவைத் தவிர யாருக்கும், பெற்ற தாய்க்கும்கூட, கொடுக்காதது... பக்கத்தில் சந்தோஷமாக விசிறிக்கொண்டிருக்கிற இந்த மனுசனுக்கு இது தெரியுமா, சொல்ல வேண்டுமா?