எழுப்பும் அனுமதி

மத்தியானம் கரண்ட் போனால் வாசலூர்பட்டி கணினி மையம் பேட்டரியில்தான் ஓடும். கம்ப்யூட்டரைத் தூங்க வைத்தாலும் அது சும்மா சும்மா விழித்துக்கொண்டு, மூன்றரைக்குள் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. இனியும் இப்படியென்றால் மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று தலைமை ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அதைச் சரிசெய்யத்தான் அப்ஸானா மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

மையத்தை நடத்தும் பூங்குழலிக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள். பேச்சு மட்டும் கணீரென்று வரும்.

"ஏனுங்க மேடம், இதுக்கு என்ன சீக்குங்க?"

"தூங்க விடாத சீக்கு." அப்ஸானா சிரித்தாள். கீபோர்டு, மவுஸ், போன் லைனில் கோத்த மோடம் மூன்றுக்குமே கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதி இருந்தது. மூன்று டிக்கையும் எடுத்தாள். "இனி பட்டனை அமுக்கினாத்தான் எந்திரிக்கும்."

திரை இருண்டது. அந்த இருட்டு அப்ஸானாவுக்குப் பிடிக்கும். யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வீட்டில் அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பூங்குழலி கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"யாராச்சும் வரணுமா?"

"இல்லீங்க."

போன் இரண்டு தடவை அடித்து நின்றது. பூங்குழலி திரும்பவே இல்லை. இருண்ட திரையிலேயே கண் வைத்து, முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்ஸானா அவள் தோளைத் தொட்டாள்.

"போன் வந்துச்சு. ரெண்டு தடவை அடிச்சு நின்னுபோச்சு."

பூங்குழலி பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எறங்கிட்டாருங்க."

"யாரு?"

"எங்க ஊட்டுக்காரருங்க. மரவள்ளி லோடு லாரிங்க. எழுபது வளைவு, மழை வேற. கீழ சேந்ததும் ரெண்டு தடவை அடிச்சு வெச்சிருவாரு. எனக்குக் கேக்காதில்லீங்களா, இது முழிக்குமுங்க. வெளிச்சம் வந்தா ஆளு பத்திரம்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உன்ற புருசனுக்காகவா பேட்டரி தீருதும்பாங்க. மையம் போயிருமுங்க."

கேட்காமலே டிக்கை எடுத்துவிட்டோமே என்று அப்ஸானா பட்டனை அமுக்கிக் கம்ப்யூட்டரை எழுப்பினாள். அப்போது வளைவில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு ஏறியது. சுவர் அதிர, மேசை ஆடியது. மேசைமேல் மவுஸ் கொஞ்சம் நகர்ந்தது.

"அட! பேட்டரியைத் தின்னுறது உன் வீட்டுக்காரர் இல்ல கண்ணு, பஸ்ஸு! ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மவுஸ் ஆடி இதை எழுப்புது. எழுந்தா அரை மணி நேரம் முழிச்சே கிடக்குது."

மோடத்துக்கு மட்டும் டிக்கைத் திரும்ப வைத்தாள். விழித்தால் இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கும்படி அமைத்தாள். சோதித்துப் பார்க்க, அதைத் தூங்க வைத்துவிட்டு நனைந்துகொண்டே எதிர் டீக்கடைக்கு ஓடி, காயின் போனில் மையத்தின் எண்ணை அழுத்தினாள்.

"எடுக்கலீங்களா?" என்றார் கடைக்காரர் குழந்தைசாமி.

"எடுக்க மாட்டாங்க."

ஜன்னலுக்குள் திரை விழித்தது. நீல வெளிச்சம் பூங்குழலியின் முகத்தில் விழுந்தது. வெறும் சோதனை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

இரண்டாவது மணியோடு ரிசீவரை வைத்துவிட்டிருக்க வேண்டும். அப்ஸானாவுக்கு வைக்க மனம் வரவில்லை.