காலி என்று சொல்லக் கூடாத வீடு

பாக் லாம் செய்த காரியத்தை ஹாங்காங்கில் ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்யாது. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், பெண் கேட்கப் போன வீட்டில், வரவேற்பறையில் நின்ற, குட்டி ஆரஞ்சு போலக் காய்க்கும் கும்குவாட் செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை. லிப்ட் பழுது பார்க்கிறவன், கை சும்மா இருக்காது. போதாக்குறைக்குப் பயம் வேறு. தன் அம்மா சரியென்றால்தான் கல்யாணம் என்று அவன் காதலி சூட் யிங் கறாராகச் சொல்லியிருந்தாள். அப்பா இல்லாத வீடு, ஒரே பெண். அந்த அம்மா, லோ அம்மாள், தேநீர் கொண்டுவர உள்ளே போயிருந்தாள். செடி அவன் முழங்கையை இடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

கும்குவாட்டைத் தோலோடுதான் தின்பார்கள். தோல் இனிக்கும், உள்ளே இருக்கும் புளிப்பு பிராணனை வாங்கும். ஆனால் புத்தாண்டுச் செடி பார்ப்பதற்கு மட்டும்தான். பழத்தை இவர்கள் ‘கட்’ என்பார்கள். அதிர்ஷ்டத்துக்கும் அதே ஒலி. ஆக, அந்தப் புண்ணியவான் மென்றுகொண்டிருந்தது வீட்டின் அதிர்ஷ்டத்தை.

லோ அம்மாள் தட்டோடு வந்தாள். வெறும் காம்பைப் பார்த்தாள், பிறகு அவன் தாடையைப் பார்த்தாள். துப்ப வழியில்லாமல் அவன் விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“புளிக்குதாப்பா?”

“கொஞ்சம், ஆன்ட்டி.”

“பூச்சிமருந்து அடிச்ச செடி. வயித்தக் கலக்குச்சுன்னா சொல்லு.”

சூட் யிங் அவனைக் காப்பாற்றப் பாய்ந்தாள். “ஒரு காம்புதானம்மா காலி, போகட்டும்,” என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘காலி’ என்பதற்கு இவர்கள் மொழியில் உள்ள சொல், ‘கேடு’ என்பதுபோலவே ஒலிக்கும். அதனால் வாடகைக்கு விடும் காலி வீட்டைக்கூட ‘கட் வீடு’ என்றுதான் சொல்வார்கள். அதுவும் புத்தாண்டில், பெற்ற மகளே அப்படிச் சொல்லலாமா? அவன் ஒரு மடங்கு கெடுத்தான் என்றால் இவள் ஒன்பது மடங்கு கெடுத்தாள். பாக் லாம் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தான். செருப்பு லோ அம்மாளுக்குப் பின்னால் கிடந்தது.

லோ அம்மாள் கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். நிதானமாக உட்கார்ந்தாள். மகளைத்தான் பார்த்தாள்.

“கட்னு சொல்லிப் பழகுடி. காம்பு கெடக்கட்டும். நீ போனப்புறம் உன் ரூமும் கட்தான்.”

பாக் லாமுக்கு உடனே புரியவில்லை. சூட் யிங் அழ ஆரம்பித்த பிறகுதான், தனக்குப் பெண் கிடைத்துவிட்டது என்று உறைத்தது. கிழவி சொன்னது அதிர்ஷ்டத்தையா வெறுமையையா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. அவனுக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது.

“நான் தனியா சாப்பிட்டுப் பழக்கமில்ல,” என்றாள் லோ அம்மாள். “ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்துரணும்.”