ஊட்ல வேற யாரு?

"இந்த ஒயரக் கழட்டிடலாமா தம்பி?" என்று ஐஸ் பெட்டிக்காரர் கேட்டார். கூடத்தில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருந்தது. அதில் ரூட்டர் மாட்டியிருந்தது. அவர் கை வைப்பதற்குள் கிஷோர் குனிந்து தானே பிடுங்கினான். பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்தன. ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. நான்கு பேர் பாயோடு தூக்கி அவன் அம்மா விஜியை உள்ளே வைத்தார்கள். கண்ணாடி மூடியை இறக்குவதற்கு முன்பு அன்னம்மாள் அத்தை முந்தானையால் அவள் நெற்றியை ஒருமுறை துடைத்துவிட்டாள்.

மூன்று நாளுக்கு முன் கம்பெனியில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் தலைவலி என்று உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய வளையல், செருப்பு, போன் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு அப்பா ஜெகதீசனிடம் கொடுத்தார்கள். அவர் அந்தக் கவரை யாரிடமும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றிருந்தார்.

கிஷோரின் போனில் செல்வகுமாரிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'மச்சான், சாயங்காலம் மேட்ச். வந்துருவல்ல?'

கிஷோர் 'அம்மா' என்று அடித்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அழித்துவிட்டு, 'நெட் இல்ல மச்சான். சரியானதும் வர்றேன்' என்று அனுப்பினான். ரூட்டரின் ஒயர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

செல்வகுமார் ஆவடிக்காரன். கிஷோர் இருக்கும் அண்ணனூருக்கு அடுத்த ஸ்டேஷன். இளங்கோ பாரிவாக்கம். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஆன்லைனில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள். கிஷோர்தான் கோலி, கோல் காப்பவன். இத்தனை வருடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வேலை முடிந்து வந்து ஹெட்செட்டை மாட்டினால் குரல்கள் வந்துவிடும், அது போதுமாக இருந்தது. விஜியின் குரலும் அவர்களுக்குப் பழக்கம். தட்டோடு வந்து கிஷோருக்குப் பின்னால் நின்று, மைக் இருக்கும் பக்கமாகக் குனிந்து, "இன்னா செல்வா, சாப்ட்டியா? இவன கொஞ்சம் சாப்புட உடுங்கடா" என்பாள். அவர்கள் கோரஸாக "சரி ஆன்ட்டி" என்பார்கள்.

அவளுடைய சாவை ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அவர்களிடம் மட்டும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அன்னம்மாள் அத்தை போகும்போது இட்லி மாவு அரைத்து வைத்துவிட்டுப் போனாள். அது புளித்துப்போகும்வரை அப்பாவும் பிள்ளையும் இட்லி சாப்பிட்டார்கள். இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் நேராகப் பேசிப் பழக்கமில்லை. "அப்பா கரண்டு பில்லு கட்டிட்டாரான்னு கேளு" என்பதும், "அவன் எப்ப வருவான்னு கேளு" என்பதும் விஜி வழியாகவே போய் வந்துகொண்டிருந்தன. இப்போது அப்பா, "சாப்டியா?" என்று கேட்பார். இவன், "சாப்டேன்" என்பான். பிறகு ஷெட்டுக்குத் திரும்பும் மின்சார ரயிலின் சத்தம் மட்டும் கேட்கும்.

பூந்தமல்லி கிடங்கில் பில் போடும் வேலைக்கு மறுபடி போகத் தொடங்கிய முதல் நாள், வீட்டுக்கு வந்ததும் கிஷோர் ரூட்டரை மாட்டினான். ஹெட்செட்டை எடுத்துத் துடைத்துத் தலையில் வைத்தான்.

"டேய்! வந்துட்டான்டா கோலி!" என்றான் செல்வகுமார். "இன்னா மச்சான், நெட்ட சரி பண்ண இத்தினி நாளா? எவன்டா உன் லைன்மேன்?"

"ஆமாடா. இப்பதான் வந்துச்சு."

ஆனால் வந்த நெட் சரியாக இல்லை. பந்து இடது மூலைக்குப் போவது தெரிந்தது. பட்டனை அழுத்தினான். திரையில் கோலி நின்றபடியே நின்றான். பந்து வலைக்குள் விழுந்து, எதிராளிகள் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகு, இல்லாத பந்துக்காகப் பாய்ந்து விழுந்தான்.

"மாமே, பந்து போன பொறவு பாயிறியே!" என்று இளங்கோ சிரித்தான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கும் மறுநாள் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான். வை-ஃபையை நம்பாதே, நேராக ஒயர் போடு என்றான் செல்வகுமார். கிஷோர் குமணன்சாவடியில் இறங்கி நீளமான ஒயர் வாங்கிவந்து, கூடத்திலிருந்து அறை வரைக்கும் சுவர் ஓரமாக ஆணி அடித்து இழுத்தான். அப்பா வந்து ஒயரைத் தாண்டி உள்ளே போனார். எதற்கு என்று கேட்கவில்லை. கோலி அப்போதும் தாமதமாகத்தான் பாய்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் லைன்மேன் துலுக்கானம் வந்து வேகத்தை அளந்து காட்டினார். "லைனு கண்ணாடி மாரி கீதுப்பா. எங்க பக்கம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பகலில் அது உண்மையாகவும் இருந்தது. அப்பா ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். கிஷோர் தனியாக ஆடிப் பார்த்தான். கோலி சொன்ன பேச்சு கேட்டான். சாயங்காலம் மூவரும் சேர்ந்தபோது மறுபடியும் பழைய கதை.

"அப்ப லைன் இல்ல மச்சான்," என்றான் செல்வகுமார். "ஊட்டுக்குள்ளதான் யாரோ இழுக்குறாங்க. ஒருத்தர் வீடியோ மேல ஏத்துனா போதும், கேம் செத்துச்சு. ஊட்ல வேற யாரு கீறாங்க?"

"அப்பாதான். அவருது பட்டன் போன்."

"வேற?"

"வேற யாரும் இல்ல."

"ஆன்ட்டி சீரியல் பாத்துகினு இருப்பாங்கடா. சவுண்டே காணோமே இப்பல்லாம்? போய்ப் பாத்துட்டு வா."

கிஷோர் எழுந்தான். ஹெட்செட்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கூடத்தில் டிவி அணைந்து கிடந்தது. அடுப்படிக்கு வெளியே பின்பக்கத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கிஷோர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான். மேடையின் கோடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், சார்ஜரில் அம்மாவின் போன் இருந்தது.

திரையைத் தொட்டதும் வெளிச்சம் வந்தது. இடம் நிறைந்துவிட்டது என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்ததற்காக, படங்களெல்லாம் தானாக நெட் வழியாக மேலே ஏறிச் சேமிப்பாகிற மாதிரி அவன்தான் செய்துகொடுத்திருந்தான். சார்ஜரில் போட்டால் ஏறும். இப்போது ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்தின் மேலும் சின்ன வட்டம் சுற்றியது. யாரோ போட்டிருந்த ஜாக்கெட்டின் பின்பக்க டிசைன். இன்னொரு ஜாக்கெட். கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மாலை போட்ட மிஷின்கள். பிறகு தெரியாமல் கை பட்டு எடுத்துவிட்ட ஒரு வீடியோ. நீளமான வீடியோ. அதில் தார்ச்சாலையும், புடவைக் கரையும், செருப்புப் போட்ட அவள் கால்கள் மாறி மாறி வந்து போவதும் மட்டும்.

"ப்பா. இது எப்பலேந்து இங்க கீது?"

ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார். "தெனம் வந்து போடுறதுதான். காலைல கூடவே எடுத்துகினு போயிடுவேன்."

"எதுக்கு?"

"போன் வருதுடா." சாம்பலும் சோப்பும் ஒட்டியிருந்த கையைத் தூக்கி முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சேதி தெரியாதவங்க கீறாங்க இல்ல. வேலைய உட்டு நின்ன பொம்பளைங்க, முன்னாடி குடியிருந்த ஊட்டுக்காரங்க... அவங்க பாட்டுக்குக் கூப்புடுறாங்க. எடுத்துச் சொல்லணுமே."

"என்னாண்ட சொல்லிருக்கலாம்ல?"

"ஒனக்கு எதுக்கு அது. காதுல உழக் கூடாதுன்னுதான் சத்தத்தக் கொறச்சி வச்சேன்." அவர் மறுபடி பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிஷோர் அறைக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"இன்னாடா, கண்டுபுடிச்சியா?" என்றான் செல்வகுமார்.

"அம்மா போனு."

"அதான் சொன்னேன்ல! கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொல்லுடா, ஒரே ஒரு மேட்ச்."

"இல்ல மச்சான்," என்றான் கிஷோர். "ஏறட்டும்."

"அப்ப தோத்தோம்," என்றான் இளங்கோ. "சரி உடு, ஆன்ட்டிக்காகத் தோப்போம்."

ஆட்டம் தொடங்கியது. பந்து வரும், வலைக்குள் போகும், பிறகு கோலி பாய்வான். நண்பர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். கிஷோர் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தான். அடுப்படியில் மேடைமேல் போன் அதிர்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும்.

"கிஷோரு," என்று அப்பா கூப்பிட்டார். அப்படி அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாளாயிற்று. "கையெல்லாம் சோப்பு. அந்த போன கொஞ்சம்... வேணாம் உடு, நானே வர்றேன்."

"இருப்பா. நான் பாக்குறேன்."

ஹெட்செட் கழுத்தில் தொங்க அவன் அடுப்படிக்குப் போனான். திரையில் அம்மாவின் சிநேகிதி அங்கம்மாவின் பேர் வந்திருந்தது. சார்ஜர் ஒயர் குட்டை. கழற்றாமல், பச்சையைத் தொட்டுவிட்டு, மேடைமேல் குனிந்து காதை போனிடம் கொண்டுபோனான்.

"விஜி! இன்னாடி, ஒரு போன் கூட இல்ல? நான் பெங்களூர்லேந்து வந்து ஒரு வாரம் ஆவுது. பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துகீது, உன்னாண்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். தொட்டில் கட்ட உன் பழைய பொடவ ஒண்ணு வேணும்டி, அந்த மெத்துனு இருக்குமே பச்ச கலர் ஒண்ணு, அது. அவளுக்கு வளையல் போடுற அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். ஹலோ? விஜி, கேக்குதா?"

கழுத்தடியில் மைக்கின் சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்வகுமார் இளங்கோவிடம் எதையோ சொல்லிச் சிரிப்பது பூச்சி ரீங்காரம்போல மெல்லியதாகக் கேட்டது. மைக்கை அணைக்க ஒரு விரல் போதும். கிஷோர் கையைக் கொண்டுபோகவில்லை.

"அக்கா, நான் கிஷோர் பேசுறேன்."

"கிஷோரா? நல்லா கீறியாப்பா? அம்மாவக் கூப்புடு."

"அக்கா..." அவன் மேடைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டான். "அம்மா தவறிட்டாங்கக்கா. போன மாசம்."

கழுத்தடியில் சிரிப்பு பாதியில் நின்றது. பின்பக்கம் அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழாயை அப்பா மூடினார். கிஷோர் குனிந்தபடியே நின்றான். காதோரம் போன் சூடாக இருந்தது.